அந்த இன்ஜின் நம்பர் என்ன?

திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? திருவள்ளூரிலிருந்து திருத்தணி சாலையில் கொஞ்ச தூரம்தான். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் காட்டில் கிடைத்த லிங்கம் என்பது தல வரலாறு. தேவாரப் பாடல் பெற்ற தலம். சாயங்காலம் கூட்டம் குறைந்தபிறகு பிராகாரத்தில் உட்கார்ந்தால், காற்று தெற்கிலிருந்து வீசுகிற நாட்களில், கடம்பத்தூர் பக்கம் போகிற ரயிலின் ஹாரன் கேட்கும். போன மாசம் அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் நான் அவமானப்பட்டேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. லோகோ ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிடையரான பெரியவர் ஒருவர் அங்கே தினமும் வருவார். பழக்கமானவர். அவரிடம் என் செல்போனை நீட்டினேன். வெளியூர் போனபோது ஒரு ரயில் நிலைய வாசலில் நிறுத்தி வைத்திருந்த பழைய நீராவி இன்ஜினைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள். அறுபது இருக்கும். புகைபோக்கி, சக்கரம், விளக்கு, நடுவே மகன் போஸ் கொடுத்த நாலைந்து. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி:

"எல்லாம் சரி தம்பி, நம்பர் எங்கே?"

இல்லை! அறுபது படத்தில் ஒன்றில்கூட இன்ஜினின் நம்பர் இல்லை. பளபளவென்று கறுப்பும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்தவர்கள் நம்பரையும் சேர்த்து மூடிவிட்டிருந்தார்கள். நானும் அதைத் தேடவே இல்லை.

"நம்பர் இல்லாத இன்ஜின் படமும், பேர் இல்லாத கல்யாண ஆல்பமும் ஒண்ணுதான். அம்பது வருஷம் கழிச்சு யாரு யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் பெரியவர்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அன்றிலிருந்து ரிடையரான ரயில் இன்ஜின்களைப் படம் எடுக்கிறவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குறிப்பாக நேரோகேஜ் ரயில்களை. அதில் கிடைத்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. நம் ஊரில் ஓடுகிற பிராட்கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். அதாவது ஐந்தரை அடி. மீட்டர்கேஜில் பெயரே சொல்கிறபடி 1,000. அதற்கும் கீழே 762, 610 என்று இரண்டு அளவுகள். இவைதான் நேரோகேஜ். ஊட்டி ரயிலை நிறையப் பேர் நேரோகேஜ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, அது மீட்டர்கேஜ். அசல் நேரோகேஜ் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் (610), கால்கா–சிம்லா (762) என்று வடக்கே போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. அதுவும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. திருவள்ளூர், அரக்கோணம் எல்லாம் அந்தப் பாதையில் வருகிற ஊர்கள்தான். அது பிராட்கேஜ். ஆனால் 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 'இந்தியன் டிராம்வே கம்பெனி' என்ற கம்பெனி ஒரு கிளைப் பாதை போட்டது. சுமார் 30 கிலோமீட்டர். அகலம் மூன்றரை அடிதான். பெரிய பாதை போட்டால் செலவு கட்டாது, சின்னதாகப் போட்டுப் பார்ப்போமே என்கிற யோசனை. அந்தக் காலத்தில் மீட்டர்கேஜ் என்ற பேச்சே இந்தியாவுக்கு வரவில்லை என்பதால், ஐந்தரை அடிக்கு முன்னால் இது ரொம்பக் குட்டிப் பாதை.

யோசித்துப் பாருங்கள். 1865-ல் திருப்பாச்சூர்க்காரர் ஒருவர் வரதராஜர் கருடசேவைக்குப் போகிறார். திருவள்ளூரில் பெரிய ரயில் ஏறி அரக்கோணத்தில் இறங்கி, சின்ன ரயிலுக்கு மாறி காஞ்சிபுரம்! அதே மூன்றரை அடி அகலத்தை 1862-ல் நார்வே போட்டிருந்தது. 1865-லேயே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போட்டது. 1872-ல் ஜப்பான் தன் முதல் ரயிலையே அந்த அகலத்தில்தான் ஆரம்பித்தது. ஜப்பானில் இன்றைக்கும் சாதாரண ரயில்களில் பெரும்பாலானவை அந்த அகலத்தில்தான் ஓடுகின்றன. நம் காஞ்சிபுரம் பாதையோ 1878-ல் மீட்டர்கேஜாக மாறிவிட்டது. பதின்மூன்றே வருஷம்.

அடுத்தது தருமபுரி பக்கம். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பாதை. 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு. அதை 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள். எல்லாம் 762 மில்லிமீட்டர், சுத்தமான நேரோகேஜ். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்று போட்ட பாதைகள். வியாபாரத்துக்காகப் போட்டதில்லை, லாபமும் பெரிதாக வரவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும், 1940-களின் ஆரம்பத்தில், சேவையை நிறுத்தித் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். போருக்கு இரும்பு வேண்டும்! பிறகு 'எங்களுக்கு ரயில் விடுங்கள்' என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மொரப்பூர்–தருமபுரிக்குப் புதுப் பாதை போட 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள்.

இப்போது கேள்வி. அந்த மொரப்பூர் ரயிலின் இன்ஜின் எப்படி இருக்கும்? உங்களில் யாராவது படம் பார்த்திருக்கிறீர்களா? தருமபுரியில் எனக்கு நண்பர்கள் உண்டு. பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவர் மட்டும், "எங்க தாத்தா 'சின்ன ரயிலு'ன்னு சொல்லுவாரு" என்றார். மற்ற ஒன்பது பேருக்கும் அப்படி ஒரு ரயில் ஓடியதே செய்தி. 35 வருஷத்துக்கு மேல் ஓடிய ரயில் சார்! இரண்டு தலைமுறையில் சுத்தமாகத் துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல் ஏற்றிக்கொண்டு 1837-லேயே ஒரு ரயில் ஓடியது. ஆர்தர் காட்டன் போட்ட பாதை. இந்தியாவின் முதல் ரயில் அதுதான் என்கிறார்கள். அதற்குப் படம் இல்லையே என்று வருத்தப்பட நமக்கு உரிமை கிடையாது. ஏனென்றால் பாரிஸில் தாகேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்ததே 1839-ல்தான். ரயில் முந்திக்கொண்டது, கேமரா வந்து சேரவில்லை. ஆனால் 1906-ல் கேமரா இருந்ததே?

சரி, இப்போது டார்ஜிலிங் போவோம். மொரப்பூருக்கு நடக்காதது அங்கே எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

டார்ஜிலிங் பாதை 1879-ல் ஆரம்பித்து 1881-ல் முடிந்தது. ஃபிராங்ளின் பிரஸ்டேஜ் என்ற ரயில்வே அதிகாரியின் யோசனை. வெறும் இரண்டு அடி அகலத்தில், மாட்டு வண்டி போன ரோட்டோரத்திலேயே தண்டவாளம் போட்டு, 2,258 மீட்டர் உயரத்திலிருக்கும் கூம் வரை ஏற்றிவிட்டார்கள். பல்சக்கரம் கிடையாது. வளைந்து சுற்றியும், முன்னும் பின்னுமாக 'இசட்' எழுத்துப் போல நகர்ந்தும் ஏறுகிற பாதை. அதற்கென்றே 1889-லிருந்து 1925 வரை 'பி' கிளாஸ் என்று ஒரே ஜாடையில் 34 இன்ஜின்கள் செய்தார்கள். நாலே சக்கரம். தண்ணீர்த் தொட்டி பாய்லர் முதுகின்மேல் சேணம் போல உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவை பிரிட்டனில் செய்தவை. மூன்று அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியில் செய்தவை. மூன்று அங்கேயே, திந்தாரியா பட்டறையில்.

1969-ல் வந்த 'ஆராதனா' படம் ஞாபகம் இருக்கிறதா? ஷர்மிளா டாகூர் ரயிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, ராஜேஷ் கன்னா பக்கத்து ரோட்டில் ஜீப்பில் பாடிக்கொண்டே வருவாரே, அந்த ரயில்தான்.

இதே சமயத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு விஷயம் நடந்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே நீராவிக்கு ஒட்டுமொத்தமாக முழுக்குப் போட்டது. நீராவி இன்ஜினைப் படம் எடுப்பதே பிறவிப் பயன் என்று திரிந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலேயர்களுக்கு அன்றைக்கு வேலை போயிற்று. எங்கே போவார்கள்? இந்தியாவுக்கு! நாம் அப்போதுதான், 1970-ல், சித்தரஞ்சனில் கடைசி பிராட்கேஜ் நீராவி இன்ஜினைச் செய்து 'அந்திம் சிதாரா' (கடைசி நட்சத்திரம்) என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். மீட்டர்கேஜில் 1972 வரை செய்தோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தோளில் கேமராவும் தலையில் தொப்பியுமாக இந்த வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மூன்றாம் வகுப்பில் போய், ஷெட் வாசலில் டீ குடித்து, அனுமதிக் கடிதத்தைக் காட்டிப் படம் எடுத்தார்கள். நம் ஆட்களுக்குச் சிரிப்பு. 'கரி வண்டியைப் போய் எடுக்கிறானே, பைத்தியக்காரன்!'

அந்தப் பைத்தியக்காரர்கள் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டில் எழுதினார்கள்: தேதி, இடம், இன்ஜின் நம்பர்.

இந்த நம்பர் ஏன் இவ்வளவு முக்கியம்? பெரியவர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். பட்டறைக்கு வருகிற நீராவி இன்ஜின், வந்தபடியே திரும்பிப் போவதில்லை. இதன் பாய்லரைக் கழற்றி அதில் போடுவார்கள். அதன் சக்கரத்தை இதற்கு. நாற்பது வருஷம் ஓடிய இன்ஜினில் பிறக்கும்போது இருந்த பாகம் பாதிதான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் அது ஓரங்கட்டப்படும். முதலில் காணாமல் போவது பித்தளைத் தகடுகள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எத்தனையாவது இன்ஜின் என்று பொறித்த தகடு. அதற்கு வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் உண்டு, ஏலம் உண்டு. தகடு போனபிறகு இன்ஜின் வெறும் இரும்பு. எடைக்கு எடை.

நான் பி.காம். படித்தவன். இதைக் கேட்டபோது தேய்மானக் கணக்குதான் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் மதிப்பைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் கணக்குப் புத்தகத்தில் பழைய இரும்பின் விலை மட்டும் நிற்கும். கணக்கு சரி. ஆனால் 1889-ல் செய்த ஒரு பொருள் இன்னும் முழுசாக நிற்கிறது என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. எந்த ஆடிட்டரையும் குறை சொல்ல முடியாது. அதை வேறு யாராவதுதான் எழுதி வைக்க வேண்டும்.

டார்ஜிலிங்கின் 19-ம் நம்பர் இன்ஜின் கதையைக் கேளுங்கள். 1889-ல் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி செய்தது. பிறகு அகில இந்திய வரிசையில் 778 என்று மாறியது. 1962-ல் எலியட் டானலி என்ற அமெரிக்க ரயில் பிரியர் அதை வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார். அவர் காலத்துக்குப் பிறகு இண்டியானா மாநிலத்தில் ஹெஸ்டன் என்ற இடத்து நீராவி மியூசியத்துக்குப் போனது. 1985-ல் அங்கே ஷெட்டில் தீ. இன்ஜின் கருகியது. இத்தோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2000-களின் ஆரம்பத்தில் ஏட்ரியன் ஷூட்டர் என்ற ஆங்கிலேயர் அதை வாங்கினார். சில்டர்ன் ரயில்வேஸ் என்ற ரயில் கம்பெனியையே நடத்தியவர். இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து பழுது பார்த்து, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டு ஓட்டினார்! 2022-ல் அவர் காலமானார். இன்ஜினை ஓர் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது.

மூன்று கண்டம், ஒரு தீ விபத்து, ஆறேழு கைகள். ஆனாலும் 'இதுதான் அந்த 19' என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வழிநெடுக அதைப் பார்த்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் யாரோ இருந்தார்கள். அதன் பக்கத்து நம்பர் 777, டெல்லி தேசிய ரயில் மியூசியத்தில் நிற்கிறது. போனால் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1911-ல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி டார்ஜிலிங்குக்கு ஒரு விசித்திர இன்ஜின் செய்து அனுப்பியது. 'கேரட்' வகை. நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கர வண்டி. வளைவில் பாம்பு மாதிரி நெளியும். இந்தியாவுக்கு வந்த முதல் கேரட் அதுதான். இரண்டு வருஷம் முன்னால், 1909-ல், அதே கம்பெனி டாஸ்மேனியாவுக்குச் செய்த உலகின் முதல் கேரட் 'கே1', 1947-ல் தாய்வீடு திரும்பி இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம்முடையதை உடைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது படங்கள் மட்டும். அந்தப் படங்களும் இல்லாவிட்டால், தருமபுரித் தாத்தாவின் சின்ன ரயில் கதைதான்.

1999-ல் டார்ஜிலிங் ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 2005-ல் நம் நீலகிரி ரயிலும், 2008-ல் கால்கா–சிம்லாவும் சேர்ந்துகொண்டன. நீலகிரிக்கு நம் சினிமாக்காரர்களும் தெரியாமலேயே ஓர் உபகாரம் செய்திருக்கிறார்கள். 'மூன்றாம் பிறை' கிளைமாக்ஸில் கமல் உருள்கிறாரே, அது கேத்தி ஸ்டேஷன். 1982-ல் அந்த ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிடலாம். அழுகையை அடக்கிக்கொண்டு பின்னணியைக் கவனிக்க வேண்டும், அது கொஞ்சம் கஷ்டம்!

நீங்களும் படம் எடுக்க ஆசைப்பட்டால் தூரம் போக வேண்டாம். சென்னை வில்லிவாக்கம் பக்கம், ஐ.சி.எஃப். ஒட்டிய ரயில் மியூசியம் 2002-லிருந்து இருக்கிறது. திருவள்ளூர் லைனில் வருகிறவர்களுக்கு வழியிலேயே. கோவை ரயில் நிலைய வாசலில் நீலகிரி இன்ஜின் ஒன்று நிற்கிறது. மற்ற ஸ்டேஷன்களில் கொஞ்சம் ஜாக்கிரதை. ஒரு ஸ்டேஷனில் (பெயர் வேண்டாம்) என் கேமராவைப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் எடுக்கறீங்க? பர்மிஷன் இருக்கா?" என்று காவலர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். ஓடவே ஓடாத இன்ஜினை எடுத்ததற்கு! கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

கறுப்பு இன்ஜினை உச்சி வெயிலில் எடுத்தால் வானம் வெளுத்து, இன்ஜின் கரிக்கட்டையாகத்தான் வரும். கேமரா ஏமாந்துபோகும். விடிகாலையோ, மேக மூட்டமோ உத்தமம். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி சாய்ந்து நின்று ஒரு முழுப் படம். சக்கரங்களைப் பிணைக்கிற ராடு கீழ்ப்பக்கம் இறங்கியிருந்தால்தான் அழகு என்பது ரயில் படக்காரர்களின் சாஸ்திரம். ஓடுகிற இன்ஜின் என்றால் அந்த நொடிக்குக் காத்திருக்கலாம். ரிடையரான இன்ஜினில் கடைசியாக நின்ற நிலை எதுவோ அதுதான், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் அழகை மறந்துவிட்டு, தகடு, நம்பர், சக்கரம், எழுத்து பொறித்த எந்த இரும்புத் துண்டாக இருந்தாலும் கிட்டே போய் ஒவ்வொன்றாக எடுங்கள்.

தகடே இல்லை என்றால்? நானும் இதைத்தான் பெரியவரிடம் கேட்டேன்.

"ராடுல நம்பர் அடிச்சிருப்பாங்க தம்பி. பெயின்ட்டுக்கு அடியில பாருங்க. ஆனா ஒரே எடத்துல பாத்துட்டு நம்பிடாதீங்க. ராடையும் மாத்தியிருப்போம், நாங்க!"

அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, விடியற்காலையில் போய் நின்றேன். நாலைந்து அடுக்குப் பெயின்ட். விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் ஏதோ தட்டுப்பட்டது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். நிழல் விழுந்து இலக்கங்கள் எழுந்து வந்தன. மூன்று தெளிவு. கடைசி இலக்கம் ஒன்றா, ஏழா தெரியவில்லை. மறுபக்கத்து ராடிலும் போய்ப் பார்த்தேன். ஏழு. படம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து தேதியும் ஊரும் எழுதினேன். பெரியவருக்குக் காட்டினேன். "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

உங்களிடம் ஓர் உதவி. மொரப்பூர், தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது இதைப் படித்தால், பரணில் இருக்கிற பழைய டிரங்குப் பெட்டியை ஒரு தடவை இறக்குங்கள். தாத்தா, கொள்ளுத்தாத்தா கோட்டு போட்டு விறைப்பாக நிற்கிற படம் ஏதாவது இருக்கும். அவர் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பிறகு படத்தைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலில் யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.